பழைய அலுமினியப் படகு, அதைவிடப் பழைய டிரெய்லர்: ஸ்னாப்பர் மீன் பருவத்துக்குள் தயாராகுமா?

#1 தார்னீட்காரன்

வணக்கம். மெல்பர்னின் மேற்குப் பகுதியில், தார்னீட்டில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாகப் போர்ட் பிலிப் குடாவில், வெர்ரிபி சவுத் துறையில் நின்று தூண்டில் போட்டேன். எனக்கு முன்னால் படகில் போகிறவர்கள் மீன் கொண்டுவருவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, போன வாரம் நானும் ஒரு படகு வாங்கிவிட்டேன். 4.3 மீட்டர் அலுமினியப் படகு, 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், 2009ஆம் ஆண்டு டிரெய்லர். படகோட்டும் உரிமம் எடுத்தாயிற்று.

விற்றவர், "இரண்டு ஆண்டாகக் கடலில் இறங்கவே இல்லை, வீட்டுப் பின்புறத்தில்தான் நின்றது" என்றார். நானும் அதை நல்ல செய்தி என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு சந்தேகம் வந்துவிட்டது. மனைவி கேட்பது ஒரே கேள்வி: "இது மிதக்குமா?"

ஸ்னாப்பர் வர இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது. எஞ்சினிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

#2 கச்சான்காற்று

தம்பி, எஞ்சினை விடுங்கள். முதலில் டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுங்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் குடாவில் படகு விடுகிறேன். கடலில் எஞ்சின் நின்று இழுத்துவரப்பட்டது ஒருமுறைதான். தெருவில் டிரெய்லரோடு நின்றது நான்கு முறை. அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஹேஸ்டிங்ஸில் மீன் பிடித்துவிட்டு மார்னிங்டன் தீபகற்ப விரைவுச்சாலையில் வந்துகொண்டிருக்கிறேன். எனக்கு இடப்பக்கமாக ஒரு சக்கரம் தனியாக உருண்டு என்னை முந்திக்கொண்டு போகிறது. யாருடைய சக்கரமோ, பாவம் என்று நினைத்தேன். அடுத்த கணம் டிரெய்லர் தார்ச்சாலையில் தீப்பொறி கக்கியது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஓரிடத்தில் காசு கொடுத்து, சக்கரம் சுழல உதவும் பேரிங்கைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மூடியைத் துடைத்து வெளியே புதுக் கிரீஸ் தடவிக் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே கையே வைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

காரணம் எளிது. ஒரு மணி நேரம் ஓடி வந்த சக்கரத்தின் ஹப், அதாவது பேரிங் இருக்கும் நடுக்குடம், சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். இறங்குதளத்துக்கு வந்ததும் வராததுமாக அதைக் குளிர்ந்த கடல்நீரில் அமிழ்த்தினால் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்க சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துரு தன் வேலையைப் பார்க்கும். நின்றுபோன டிரெய்லரில் இன்னும் மோசம். ஓடினால் கிரீஸாவது எல்லா இடத்துக்கும் பரவும். "இரண்டு ஆண்டு நின்றது" என்பது நல்ல செய்தியே இல்லை.

#3 கிரீஸ்கை

கச்சான் அண்ணன் சொல்வது சரி. நான் தொழிலாகவே வாகன வேலை செய்கிறவன். செய்முறையைத் தருகிறேன்.

டிரெய்லரைக் காரோடு பூட்டியபடியே, மறுபக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். அடியில் ஸ்டாண்டு இல்லாமல் கை நுழைக்காதீர்கள். டயரின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். அரைகல்லில் மாவு அரைக்கிற சத்தம் வந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதுதான்.

மூடியைக் கழற்றியதும் கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, ஹப்புக்குள் அடித்து இறக்கியிருக்கும் வெளிவளையத்தை அப்படியே விடாதீர்கள். இரண்டும் ஒரு ஜோடி. பின்பக்க சீலும் புதிதாகத்தான் போட வேண்டும். ஆக்சிலில் சீல் உட்காரும் இடத்தில் துரு குழிவிழுந்திருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் தண்ணீர் நுழையும். அதை விரலால் தடவிப் பாருங்கள்.

தண்ணீரைத் தாங்கும் மரீன் கிரீஸைக் கையால் பேரிங்கின் உருளைகளுக்கு இடையே திணிக்க வேண்டும், மேலே பூசினால் போதாது. பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டே புதியதைப் போடுங்கள், இரண்டு வகைக் கிரீஸ் ஒன்றோடொன்று சேராமல் நீர்த்துப்போவதும் உண்டு. கடைசியில் சக்கரத்தைச் சுற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டைப் பூட்டும் காட்டர் பின் நுழைகிற அடுத்த துளைக்குக் கொண்டுவந்து புதுக் காட்டர் பின் போடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சக்கர நட்டு மாதிரி இறுக்கிவிட்டால் பேரிங் வெந்துபோகும்.

#4 தார்னீட்காரன்

பார்த்துவிட்டேன். இடப்பக்கம் பால் காப்பி. வலப்பக்கம் கிரீஸே இல்லை, செங்கல் தூள் மாதிரி ஏதோ இருந்தது. இதை 30 கிலோமீட்டர் இழுத்து வந்திருக்கிறேன்!

கடையில் "ஹோல்டனா ஃபோர்டா?" என்று கேட்டார்கள். என் கார் இரண்டுமில்லை என்றேன். சிரித்தார்கள்.

#5 கிரீஸ்கை

அது கார் கேள்வி இல்லை. இங்கே சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் இரண்டு வகைப் பேரிங்தான், அந்தக் காலத்துக் கார்களின் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். பழைய பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும், துடைத்துப் பாருங்கள். வெளிப் பேரிங் எல்எம்11949, உள் பேரிங் எல்எம்67048 என்று இருந்தால் ஹோல்டன் வகை. எல்எம்12749, எல்68149 என்று இருந்தால் ஃபோர்டு வகை. எண்ணே தேய்ந்துபோயிருந்தால் பழையதைக் கையோடு எடுத்துப் போய்க் கடையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் வாங்கும்போது மூன்றாவதாக ஒரு செட்டும் வாங்குங்கள். முடிந்தால் ஒரு முழு ஹப்பையே பேரிங் பூட்டி, கிரீஸ் அடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் போட்டு வையுங்கள். சாலையோரத்தில் இருட்டில் வெளிவளையத்தைத் தட்டி எடுக்க யாராலும் முடியாது, ஹப்பை மாற்ற அரை மணி நேரம் போதும்.

#6 மூன்றாம்அலை

இவ்வளவு பாடு எதற்கு? ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி இரண்டு வாங்கி மாட்டி, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கிரீஸ் துப்பாக்கியால் நாலு அழுத்து அழுத்தினால் போதும். எட்டு ஆண்டாக நான் ஹப்பைத் திறந்ததே இல்லை.

#7 கிரீஸ்கை

திறந்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

அந்த மூடி கெட்ட பொருளில்லை. உள்ளே லேசான அழுத்தம் வைத்துத் தண்ணீர் நுழைவதைக் குறைக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் நாலு அழுத்து அழுத்தினால் கிரீஸ் போக இடமில்லாமல் பின்பக்க சீலைத் தள்ளிவிடும். சீல் போனபிறகு உள்ளே கடல்தான். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

#8 மூன்றாம்அலை

தெறித்திருக்கிறது. நான் அது பழைய அழுக்கு என்று நினைத்திருந்தேன். சரி, சனிக்கிழமை திறக்கிறேன்.

#9 அலைவாய்

பேரிங் பேச்சு நன்றாகப் போகிறது, அதனால் மற்றதை மறந்துவிடாதீர்கள்.

எடையைக் கணக்கிடுங்கள் தம்பி. ஆஸ்திரேலியாவில் காரோடு பூட்டிய நிலையில் டிரெய்லர் சக்கரங்கள் சுமக்கும் எடை 750 கிலோ வரை இருந்தால் பிரேக் தேவையில்லை. அதைத் தாண்டினால் 2000 கிலோ வரை ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும். உங்கள் படகு போன்றதற்கு உத்தேசமாக: உடல் 250, எஞ்சின் 100, டிரெய்லர் 220, ஐம்பது லிட்டர் பெட்ரோல் 37. அறுநூறு தாண்டிவிட்டது. இன்னும் பேட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி, அந்த ஐஸ் பெட்டிக்கு மேல் வீட்டில் கட்டிக் கொடுக்கும் புளியோதரை எல்லாம் இருக்கிறது. டிரெய்லரில் பொருத்திய தகட்டில் அனுமதித்த எடை 750க்கும் குறைவாகக்கூட இருக்கலாம். ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

காரின் இழுவைக் கொக்கியில் விழும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் டிரெய்லர் ஒழுங்காகப் பின்தொடரும். பின்பாரம் அதிகமானால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வால் ஆட்டத் தொடங்கும். குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் கொக்கித் தலையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். குறைந்தால், படகின் முன்முனையைக் கட்டி இழுக்கும் வின்ச் கம்பத்தைச் சற்று முன்னால் நகர்த்துங்கள், படகும் முன்னால் வரும்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. உங்களுடையது என்ன?

#10 தார்னீட்காரன்

2209. டயர் புத்தம்புதிதாகத் தெரிகிறதே அக்கா, பட்டன் தேயவே இல்லை!

#11 அலைவாய்

படகு டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. காற்றை இறக்கிப் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள், வெடிப்புகள் தெரியும். மூன்றையும் மாற்றுங்கள். மூன்று என்றது ஸ்பேரையும் சேர்த்து.

#12 கச்சான்காற்று

டயர் மாற்றும்போது பட்டை ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். துத்தநாகப் பூச்சு சட்டத்தைத்தான் காப்பாற்றும். ஸ்பிரிங் தகடுகளுக்கு நடுவே உப்பு தங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் வேகத்தடையில் இரண்டாக முறியும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யு வடிவ போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் தயங்காமல் மாற்றுங்கள், பெரிய விலையில்லை.

அலுமினியப் படகுக்காரர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. தரைப்பலகையைத் தூக்கி, அடிவயிற்றைச் சுத்தம் செய்யுங்கள். ஈயக்குண்டு, பித்தளைச் சுழலி, செப்புக் கம்பித் துண்டு, சில்லறைக் காசு, எது கிடந்தாலும் பொறுக்கி எடுங்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு அவை ஒட்டிக் கிடந்தால் மின்கலம் மாதிரியேதான். அலுமினியம் கரைந்து ஊசித்துளை விழும். நண்பர் ஒருவரின் படகில் சரியாக ஓர் ஈயக்குண்டின் அளவில் குழி. அதேபோல டிரெய்லரில் படகு உட்காரும் கட்டை, செம்பு கலந்த மருந்தில் ஊறிய பச்சை நிறப் பைன் மரமாக இருந்து, கம்பளம் ஈரமாகவே இருந்தால் அங்கேயும் அரிக்கும். அடிப்பக்கப் பாசி தடுக்கும் பெயின்ட்டிலும் செம்பு கலந்தது அலுமினியத்துக்கு ஆகாது.

#13 கிரீஸ்கை

இப்போது எஞ்சினுக்கு வரலாம். சுருக்கமாகவே சொல்கிறேன்.

தண்ணீர் இணைப்பில்லாமல் ஒரு நொடிகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். குளிர்நீர் பம்பின் இம்பெல்லர் ரப்பர், அது காய்ந்து சுற்றினால் கிழிந்துவிடும். இரண்டு ஆண்டு நின்றதால் அதன் இதழ்கள் ஒருபக்கமாக வளைந்து விறைத்திருக்கும், எப்படியும் மாற்றுங்கள். பிறகு தோட்டக் குழாயைப் பூட்டி ஓடவிட்டு, பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரையைப் பாருங்கள். அது கடலில் எப்போது மெலிந்தாலும் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

பழைய பெட்ரோலைக் கொட்டுங்கள், குறிப்பாக எத்தனால் கலந்தது என்றால். எத்தனால் ஈரத்தை ஈர்த்து, நாளடைவில் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியையும், எரிபொருள் குழாயையும், கையால் பிசையும் ரப்பர்ப் பந்தையும் புதிதாக்குங்கள். கீழ்க் கியர் எண்ணெயை வடிக்கும்போது அதுவும் பால் நிறமாக வந்தால் சீல் போயிருக்கிறது. புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக ஏற்ற வேண்டும், மேல்துளையில் வழியும் வரை. எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்கென்றே பொருத்திய துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் பெயின்ட் அடித்தவரை எனக்குத் தெரியும். அடித்தபிறகு அது வேலை செய்யாது.

#14 புதுத்தூண்டில்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்தால் மீன் பிடிப்பதைவிடக் கிரீஸ் அடைப்பதே பொழுதுபோக்கு போலத் தோன்றுகிறது. ஸ்னாப்பருக்கு என்ன இரை, எப்படிப் போடுவது என்று யாராவது சொல்லுங்கள்.

#15 அலைவாய்

பொழுதுபோக்கில் பாதி அதுதான்.

போர்ட் பிலிப் குடாவில் வசந்தகாலத்தில் முட்டையிட வரும் மீன் அது. அக்டோபர் முதல் கோடைத் தொடக்கம் வரை நல்ல காலம், விடியலும் பொழுது சாயும் நேரமும் மேல். நான் போடுவது பில்சர்டு, நம் சாளையின் சொந்தக்காரர். இரண்டு கொக்கிகளை ஒரே தங்கூசியில் (நைலான் இழையில்) அடுத்தடுத்துக் கட்டி, ஒன்றை வாலருகிலும் மற்றதை நடுவுடலிலும் குத்துவேன். ஓடும் ஈயக்குண்டு, எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு. கணவாய்த் துண்டு நன்றாக நிற்கும், சிறுமீன்கள் அரித்துத் தின்ன முடியாது. தூண்டில் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, முனை உள்நோக்கி வளைந்த வட்டக் கொக்கி போட்டிருந்தால், மீன் இழுத்ததும் பாய்ந்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். கோல் தானாக வளையட்டும், மீன் தானே மாட்டிக்கொள்ளும்.

சட்டம்: ஸ்னாப்பர் 28 செ.மீ.க்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளில் பத்து, அதில் 40 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டது மூன்றுதான். கிங் ஜார்ஜ் வைட்டிங் 27 செ.மீ., இருபது. கணவாய் பத்து. படகிலேயே செதில் உரித்துத் துண்டு போடாதீர்கள், அளவு பார்க்கும்படியாக மீன் கரைக்கு வர வேண்டும். விதிகள் மாறும், விக்டோரிய மீன்வளத் துறையின் வழிகாட்டியை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துவிடுங்கள். 18 முதல் 69 வயது வரை மீன்பிடி உரிமமும் வேண்டும். படகு உரிமம் வேறு, இது வேறு.

#16 கச்சான்காற்று

எனக்கு எழுபது தாண்டிவிட்டது, உரிமம் வேண்டாம். இந்த நாடு எனக்குக் கொடுத்த சலுகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நம்மவர்கள் இங்கே ஸ்னாப்பரைச் "சங்கரா" என்கிறார்கள். நிறத்தைப் பார்த்துச் சொல்வது, உறவு வேறு. ஆனால் கிங் ஜார்ஜ் வைட்டிங் நம் கிழங்கான் குடும்பமேதான். முதன்முதலில் ஒன்றைப் பிடித்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்து வாயில் வைத்தபோது பருத்தித்துறை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஸ்னாப்பர் படத்துக்கு அழகு. சட்டிக்குக் கிழங்கான்.

காற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தார்னீட் தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள். குடா ஆழமற்றது. அதிக ஆழமே 24 மீட்டர், ஏறக்குறைய பாதி இடம் 8 மீட்டர்கூட இல்லை. அதனால் காற்று எழுந்தால் அலை நீண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். சிறு படகுக்கு அதுதான் கெட்ட அலை. வெர்ரிபியிலிருந்து வடகாற்று நாளில் இறங்கினால் கரையோரம் தட்டுப்போல இருக்கும், ஏமாந்து வெளியே போவீர்கள். மதியம் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசும். எங்கள் ஊரில் சோளகம் என்கிற தென்காற்று வருவதற்கு நாள் கணக்கில் அடையாளம் இருக்கும். இங்கே வெப்பநாளில் திரும்பும் காற்றுக்கு நிமிடக் கணக்குதான். குடா முழுவதும் உருண்டு வரும் அலை நேராக உங்கள் இறங்குதளத்தில் மோதும். வானிலை மையத்தின் கடல் முன்னறிவிப்பில் "மாற்றம்" என்று எத்தனை மணிக்குப் போட்டிருக்கிறார்களோ, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் படகு டிரெய்லரில் இருக்க வேண்டும்.

நங்கூரத்தை எப்போதும் படகின் முன்முனையான அணியத்திலிருந்துதான் போடுங்கள். மீன் பிடிக்க வசதி என்று படகின் பின்பக்கத்தில் கட்டி, எஞ்சின் பக்கமாகத் தண்ணீர் ஏறி மூழ்கிய படகுகள் உண்டு. உயிர்காப்பு அங்கி பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை. 4.8 மீட்டர் வரையுள்ள மோட்டார் படகு ஓடும்போது எல்லோரும் அணிந்தே இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

#17 மூன்றாம்அலை

ஹப்பைத் திறந்தேன். கிரீஸ்கை வென்றார். விவரம் கேட்காதீர்கள்.

பரிகாரமாக இறங்குதளப் புத்திமதி ஒன்று. பின்னோக்கி விட, ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கை வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும். ஞாயிறு காலை காலியான வாகன நிறுத்தத்தில் பழகிவிட்டு வாருங்கள், சனிக்கிழமை விடியலில் முப்பது பேர் பார்க்கப் பழகாதீர்கள். சரிவுக்கு வருமுன், ஓரமாக நிறுத்தியே எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். பின்பட்டைகளை அவிழ்ப்பது, விளக்கு பிளக்கைப் பிடுங்குவது, பங் அடைப்பது. அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில் ஹப்பும் ஆறிவிடும். ஆனால் வின்ச் பட்டையையும் சங்கிலியையும் படகின் பின்பகுதி தண்ணீரைத் தொடும் வரை கழற்றாதீர்கள். உருளை வைத்த டிரெய்லரில் படகு தானாக வழுக்கிக் கான்கிரீட்டில் உட்கார்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். படகின் சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவி பேசினார்.

#18 புதுத்தூண்டில்

பங் என்றால்?

#19 மூன்றாம்அலை

படகின் பின்பலகையில் அடியோரமாக, மழைநீர் வடிவதற்கென்று ஒரு துளை இருக்கும். அதன் அடைப்பான். வீட்டில் நிற்கும்போது திறந்திருக்க வேண்டும், கடலில் இறங்கும்போது அடைத்திருக்க வேண்டும். படகு வைத்திருப்பவர்கள் இரண்டே வகை: அதை ஒருமுறை மறந்தவர்கள், மறந்ததை ஒப்புக்கொள்ளாதவர்கள். நான் பங்கைக் கார்ச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன்.

#20 தார்னீட்காரன்

அனைவருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பேரிங், சீல், மூன்று டயர், யு போல்ட் நான்கு, இம்பெல்லர், எரிபொருள் குழாய், வடிகட்டி, எல்லாம் மாற்றியாயிற்று. அடிவயிற்றிலிருந்து ஐந்து ஈயக்குண்டுகளும் இரண்டு டாலர் காசு ஒன்றும் கிடைத்தன. எடைமேடையில் சக்கரங்களின் மேல் 690 கிலோ. கடைசி நாளில் டிரெய்லர் விளக்கு எரியவில்லை. பல்பு, பிளக் எல்லாம் பார்த்து இரண்டு மணி நேரம் போனபிறகு, சட்டத்தில் திருகியிருந்த எர்த் கம்பி துருப்பிடித்திருந்தது தெரிந்தது. சுரண்டித் திருகியதும் எரிந்தது.

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கினோம். தார்னீட்டிலிருந்து வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். வழிகாட்டி விளக்கு போட்டு மெதுவாக வெளியே போய் நங்கூரம் இட்டோம். ஏழரை வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஸ்னாப்பர், 26 செ.மீ., போய்விட்டு வா என்று விட்டேன். எட்டே காலுக்குத் தூண்டில் வளைந்தது. என் மகள்தான் சுற்றினாள். 43 செ.மீ. அதற்குப் பிறகு கடி இல்லை. மாற்றம் ஒரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள், பதினொன்றுக்கே கரைக்கு வந்துவிட்டோம். வீட்டு முற்றத்தில் நிற்கும்போது தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. மணி பார்த்தேன், பன்னிரண்டு நாற்பது.

மிதந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

#21 கச்சான்காற்று

மகளுக்கு என் வாழ்த்து. தலையை எறியவில்லையே? அதில்தான் குழம்பு.

டிரெய்லரைக் கழுவினீர்களா?

#22 தார்னீட்காரன்

தலை குழம்பில்தான் அண்ணா.

டிரெய்லரை மறந்துவிட்டுத் தூங்கப் போய், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கழுவினேன். இரவு பத்தரை மணி, டார்ச் வெளிச்சத்தில். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார்.